தரிசு எனப்பட்ட வாழிடங்கள்

ஓர் உயிரினம் உணவும் நீரும் உறைவிடமும் பெற்று, இனம்பெருக்கி வாழ்வதற்கு ஏற்ற இயற்கைச் சூழலை வாழிடம் என்பர். காடு, புல்வெளி, சதுப்புநிலம், கழிமுகம், கடல் என அது பலவகைப்படும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அவற்றைச் சார்ந்த விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. நிலத்தின் இயல்புக்கும் அங்கு வாழும் உயிர்களுக்கும் உள்ள தொடர்பு இவ்வகைப்பாட்டில் புலப்படுகிறது. இத்தொடர்பு மறக்கப்படும்போது, பயிரும் மரமும் இல்லாத நிலம் பயனற்றதாகத் தோன்றுகிறது. அத்தோற்றம் விளைத்த இழப்பிற்குத் தமிழ்நாட்டின் இரு வாழிடங்கள் சான்றாகும்.

முதலாவது, நீலகிரியின் புல்வெளி. அம்மலையின் உயர்ந்த பகுதிகளில், பள்ளமான மடிப்புகளில் சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் புல்வெளிகளும் அமைந்துள்ளன. குளிர்காலத்தில் திறந்தவெளியில் படியும் உறைபனியைச் சோலை மரங்களின் இளங்கன்றுகள் பெரும்பாலும் தாங்குவதில்லை, புற்கள் தாங்கிக்கொள்கின்றன. சோலையும் புல்வெளியும் மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக அளிக்கின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு இப்புல்வெளியில் மேய்கிறது. பகைவிலங்கு நெருங்கினால் அருகிலுள்ள செங்குத்துப் பாறைகளில் ஏறித் தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்புல்வெளிகள் தரிசாகக் கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ் என்னும் தைல மரமும், சீகை எனப்படும் வாட்டில் மரமும் அங்கு நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் இம்மரங்கள் பெருமளவில் வளர்க்கப்பட்டன. மலையின் பசுமை குறையவில்லை. ஆனால், வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. மரம் நடுதல் நற்செயலே. எனினும், நிலத்தின் இயல்பறியாமல் நடுவது அங்குள்ள வாழிடத்தை அழித்துவிடும்.

இரண்டாவது, சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஆழம் குறைந்த நீரும் நாணலும் கோரையும் மீன்களும் இருப்பதால், உள்ளூர்ப் பறவைகளும் வலசை வரும் பறவைகளும் இங்குக் கூடுகின்றன. இந்நிலத்தையும் பயனற்றதெனக் கருதியோர் ஒரு பகுதியில் குப்பை கொட்டினர். பிற பகுதிகளில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. நீர் தங்கும் இடம் குறைந்தது. 2015ஆம் ஆண்டுப் பெருமழையின்போது சுற்றியிருந்த குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. நீர்நிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின் கீழ், 2022இல் பள்ளிக்கரணையும் பன்னாட்டுச் சிறப்புமிக்க நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியையேனும் காக்க இவ்வறிவிப்பு துணைசெய்யும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். அத்திரிபு கடும் வெயிலால் நேர்வது. மேற்கூறிய இரு நிலங்களின் திரிபோ மனிதரின் அறியாமையால் நேர்ந்தது. ஆகவே, ஒரு நிலத்தைத் தரிசு என்று முடிவு செய்யுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். அந்நிலத்திற்கு நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கிறது? அங்கு இயல்பாக முளைப்பவை யாவை? அவற்றைச் சார்ந்து வாழும் உயிர்கள் எவை? ஊரின் குளக்கரையிலோ மேய்ச்சல் புறம்போக்கிலோ மாணவர் இவ்வினாக்களை எழுப்பி, ஓராண்டின் பருவங்கள்தோறும் தாம் காண்பவற்றைக் குறித்துவரலாம். வாழிடத்தைக் காக்கும் பணி அதனை அறிவதிலிருந்தே தொடங்குகிறது.