கிரயப் பத்திரமும் நம் கடன் நோட்டும்



தாங்கல் என்றால் சிறு பாசன ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் போல நமது ஐயப்பன்தாங்கலும் தண்ணீரையும் வயலையும் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். இன்று இங்கே பஸ் டெப்போவும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. வயல் போன இடத்தில் வீடு வந்தது. வீட்டுக்கு மளிகை வேண்டியிருந்தது. அதனால் நம் கடைகள் வளர்ந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

பூவிருந்தவல்லியைத் தாண்டி மேற்கே போனால் நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதையொட்டி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வெளியூர்ப் பணம் வந்து குவிந்தது. ஆலைக்குப் போன நிலத்திலாவது வேலை கிடைத்தது. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்ட நிலத்தில் கல் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள், அதோடு சரி. பல இடங்களில் வேலிக்குள் சீமைக் கருவேல்தான் விளைகிறது.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மூன்று ஏக்கர் நஞ்சை விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் கடனை அடைப்பார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வார், பைக் வாங்குவார். அது ஒருமுறை வரும் பணம். அந்த நிலத்தில் நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள், வாரத்துக்குப் பயிரிட்டவர் ஆகியோருக்குக் கிரயத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. அவர்கள்தான் உள்ளூர்க் கடையில் பருப்பும் எண்ணெயும் கடனுக்கு வாங்கி, அறுப்புக் கூலி வந்ததும் பாக்கி தீர்ப்பவர்கள். அறுப்பே இல்லையென்றால் பாக்கி எப்படி வசூலாகும்? சில்லறைக் கடைக்காரரிடம் வசூல் நின்றால், அடுத்த மாதமே மொத்த வியாபாரியிடமும் நிற்கும். எங்களிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைகளின் சிட்டையைப் பார்த்தாலே இது தெரியும்.

அரசு நிலம் எடுத்தால் நிலைமை சற்று மேல். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. தனியார் இருவர் செய்துகொள்ளும் சாதாரணக் கிரயத்தில் அந்தக் கணக்கு இல்லை. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கக் கட்டுப்பாடு உண்டு. கர்நாடகத்திலும் இருந்தது, 2020இல் நீக்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் அப்படியொரு தடை இல்லை. 1970இல் குறைக்கப்பட்ட உச்சவரம்பு மட்டுமே உண்டு.

வாங்குகிறவர்களும் எல்லோரும் லாபம் பார்ப்பதில்லை. தேக்குத் தோட்டத்தில் பணம் போட்டால் பன்மடங்காகும் என்று 1990களில் விளம்பரம் செய்த சென்னை அனுபவ் நிறுவனம் 1998இல் நொடித்தது. பணம் போட்ட நடுத்தரக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி 1999இல்தான் விதிமுறை வகுத்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், பிளாட் வாங்கிய பலர் தவித்ததைப் பார்த்தோம்.

நம் உறுப்பினர்களிலும் நிலத்தில் பணம் போடுகிறவர்கள் உண்டு. வியாபாரத்தில் மிஞ்சியதை மண்ணில் போடுவது நம் முன்னோர் வழக்கம்தான், தவறென்று சொல்லவில்லை. வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு அடங்கலையும் பாருங்கள். யார் பயிரிடுகிறார் என்று நேரில் விசாரியுங்கள். வாங்கிய பின் நிலத்தைத் தரிசாக விடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்தே பலர் குத்தகைக்கு விடுவதில்லை. அந்தப் பயம் இருந்தால் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்துச் சொந்தப் பயிராகவே செய்யலாம். வக்கீலைக் கேட்டு முறையாக எழுதிக் குத்தகைக்கும் விடலாம்.

கிராமத்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம் விற்ற பணம் ஊரில் புரளும்போது கடனைத் தாராளமாக விடாதீர்கள். கல்யாணமும் பைக்கும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். பழைய பாக்கியை அப்போதே வாங்கிவிடுங்கள். கூலி இல்லாமல் நிற்கும் பழைய வாடிக்கையை மட்டும் ஒரேயடியாகக் கைவிட்டுவிடாதீர்கள். அறுவடைக்கு அறுவடை நாணயமாகப் பாக்கி தீர்த்து நம் கடைகளை வளர்த்தவர்கள் அவர்கள்.