நண்பகல் வெயிலும் கூலியாளின் உரிமையும்

கூலியாளின் வியர்வை உலருமுன் அவனுக்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழி, நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிந்த ஒன்று. மேடைதோறும் அதனைப் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். ஆனால், அந்த வியர்வை எத்தகைய வெயிலில் சிந்தப்பட்டது, சிந்தியவனுக்குக் குடிக்க நீரும் ஒதுங்க நிழலும் கிடைத்தனவா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியொன்று புகாரி நூலில் இடம்பெற்றுள்ளது. பயணம் ஒன்றில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முற்பட்டவரை, வெப்பம் தணியட்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். அவர் மீண்டும் முற்பட்டபோதும் அவ்வாறே கூறினார்கள். மணல்மேடுகளின் நிழல் கண்ணுக்குப் புலப்படும் வரையில், அதற்குரிய நேரத்திற்குள்ளாகவே, தொழுகை பிற்படுத்தப்பட்டது.

அதே அபூதர் (ரலி) அவர்கள்தாம் மற்றொரு நபிமொழியையும் நமக்கு அறிவிக்கிறார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்களால் தாங்கவியலாத பளுவைச் சுமத்தலாகாது. சுமத்த நேர்ந்தால் நீங்களும் கைகொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் இணைத்து நோக்குங்கள். படைத்தவனுக்கு ஆற்றும் கடமையே வெயிலுக்காகச் சற்றுத் தாமதிக்கலாம் என்றால், நம் வீட்டுச் சுவரும் கூரையும் தாமதிக்கலாகாதா?

உடலில் நேர்வது என்ன?

மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். உழைக்கும்போது தசைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் தணிகிறது. கடற்கரை ஊர்களிலோ காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதேயொழிய எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வெப்பமானி காட்டும் அளவை மட்டும் கண்டு அஞ்சாதிருத்தல் தவறு.

உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டி, அறிவு தடுமாறி, பேச்சுக் குழறினால் அது உயிரைப் பறிக்கக்கூடிய வெப்பத்தாக்கு. அந்நிலையில் வியர்வை நின்றிருக்கவும் கூடும். நில்லாது வழியவும் கூடும். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் புகட்டலாகாது. ஆண்டுதோறும் 18,970 தொழிலாளர்கள் கடும் வெப்பத்தின் காரணமாக உயிரிழப்பதாகப் பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2024-இல் மதிப்பிட்டுள்ளது.

அங்கே நம் பிள்ளைகள், இங்கே?

நம் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடை உண்டு. சவூதி அரேபியாவில் அதே மூன்று மாதங்களில் 12 முதல் 3 மணி வரை தடை. கத்தார் நாடு 2021-இல் இந்நேரத்தைக் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை நீட்டித்தது; ஜூன் முதல் தேதியிலேயே அங்கே தடை தொடங்குகிறது.

இவற்றைக் கேட்கையில் பெற்ற தாயின் உள்ளம் குளிர்கிறது. ஆனால், அதே வீட்டு வாசலில் சித்திரை வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாளும் ஒரு தாய் பெற்ற பிள்ளையன்றோ? தனக்கு விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்பாத வரையில் ஈமான் முழுமையடையாது என்று நாம் ஓதியிருக்கிறோமே! தமிழ்நாடு அரசு வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனினும், நம் வாசலில் நடக்கும் வேலைக்கு நாமே பொறுப்பாளிகள்.

சுபுஹுக்குப் பின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், நண்பகலில் நிறுத்துங்கள், அந்த ஓய்வுக்காகக் கூலியில் பிடித்தம் செய்யாதீர்கள். கீற்றுப் பந்தலொன்று போட்டு, கைக்கெட்டும் இடத்தில் குளிர்ந்த நீரை வையுங்கள். தாகத்திற்குக் காத்திராமல், 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒரு தம்ளர் பருகட்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆதலால், புதிதாய் வந்தவருக்கு முதல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயில் வேலை கொடுத்து, நாளுக்கு நாள் கூட்டுவதே முறை.

குளிரிலும் இதே நெறிதான். ஹிஜ்ரி 8-இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். காரணத்தைக் கேட்டறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்தார்களேயன்றிக் கடிந்துரைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்குகளில் மீன் பெட்டி சுமப்போருக்கும், மலைத் தோட்டங்களில் பனியில் நிற்போருக்கும் உலர்ந்த கனத்த ஆடையும், சூடான பானமும், இடையிடையே வெதுவெதுப்பான இடத்தில் ஓய்வும் கொடுப்பது முதலாளியின் கடமை.

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது, வழியில் வெயிலில் நிற்பவர் யாருடைய வேலையைச் செய்கிறார் என்று பாருங்கள். அது நம் வேலையாயின், முதலில் அவரை நிழலுக்கு அழைத்து, பின்னர் நாம் உணவுக்கு அமர்வோம். வல்ல நாயன் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிறைப்பானாக! ஆமீன்.