மீண்டும் ஓடலாமா?

முழங்காலின் நாண் ஒரு முறை அறுந்தால் ஓட்டம் அத்துடன் முடிந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாமும் பதினொரு வருஷ காலம் அதை வேதவாக்காகவே கொண்டிருந்தோம். பந்தாட்டத்தில் சட்டெனத் திரும்பியபோது நமது முன் சிலுவை நாண் அறுந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த தசைநாரைக் கொண்டு வைத்தியர்கள் புதிய நாண் அமைத்தனர். நடை வந்தது, தைரியம் வரவில்லை.

சென்ற வருஷம் ஒரு மாலை நம் சிறுமகன் சாலையை நோக்கி ஓடினான். நமது கால் எழவில்லை. அயலார் ஒருவரே அவனைப் பிடித்து நிறுத்தினார். அன்று அடைந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

நமது அச்சம் முற்றும் ஆதாரமற்றதா? இரு தரப்புச் சாட்சியத்தையும் கேட்பதே நியாயம். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு, பொழுதுபோக்காக ஓடுவோரில் நூற்றுக்கு 3.5 பேரிடமும், உட்கார்ந்தே காலங்கழிப்போரில் 10.2 பேரிடமும் காணப்பட்டது. ஆயினும் போட்டிக்கென ஓடுவோரிடையே அது 13.3. மேலும், நாண் அறுந்த முழங்காலுக்குத் தேய்வின் அபாயம் எவ்வாறாயினும் அதிகமே. ஆகவே, ஓடலாம்; அளவறிந்து ஓட வேண்டும் என்பதே நாம் கண்ட முடிவு.

2016-ல் ரியோ ஒலிம்பிக் மல்யுத்தத்தில் முழங்கால் காயமுற்றுத் தூக்குப்படுக்கையில் வெளியேறிய வினேஷ் போகாட், 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அவருடைய உழைப்பில் ஒரு சிறு பங்கையேனும் நம்மைப் போன்றோர் மேற்கொள்கிறோமா? நடக்க முடிந்ததும் பயிற்சியைக் கைவிட்டு, பின்னர் முழங்காலை நோகிறோம். குற்றம் நம்முடையதே.

காயமுற்ற காலின் தொடைவலிமை மற்றக் காலினதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது வைத்தியர்கள் பெரிதும் கைக்கொள்ளும் அளவு. சோதிப்பித்தோம், நமக்கு அது இல்லை. நான்கு மாதம் படியேறியும், ஒற்றைக் காலால் உட்கார்ந்தெழுந்தும் அவ்வலிமையைத் தேடினோம். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மறுநாள் வீக்கம் கண்டால் ஓய்வு. இதற்குமேல் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வைத்தியரைக் கேளாமல் எவரும் தொடங்கலாகாது.

இன்று இருபது நிமிஷம் இடைவிடாது ஓடுகிறோம். வேகம் சொல்லத்தக்கதன்று. எனினும், நம் பிள்ளை மறுபடி சாலையை நோக்கி ஓடினால், அயலாரின் கை வேண்டியிராது. அது நமக்குப் போதும்.