கிளினிக் தராசும் ஊர் வாயும்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் உடம்பைப் பற்றி ஆரும் என்னவும் சொல்லலாம். "உனக்கும் பிள்ளைக்குமாச் சாப்பிடு" என்று ஒன்பது மாதமும் கோப்பையில் சோறு போட்ட அதே கைதான், பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போது வயிற்றைக் காட்டி "என்ன பிள்ளை, இன்னும் வத்தேல்லையோ?" என்று கேட்கும். போதாக்குறைக்கு வீடியோ கோலில் லண்டன் மாமி வேறு. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். இடம்பெயர்ந்து, அரை வயிற்றோடு பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சதைப்பிடிப்பு என்றால் சுகம். ஆனால் இந்தப் பேச்சுக்குக் கூசி ஒருத்தி கிளினிக் நாளைத் தள்ளிப்போட்டாலோ, பட்டினி கிடக்கத் தொடங்கினாலோ, அந்த எடையைவிட அதுதான் பெரிய கேடு.

எடையைப் பற்றிக் கதைக்க வேண்டிய இடம் கிளினிக். கர்ப்பம் என்று தெரிந்தவுடன், 12 கிழமைக்கு முன்பே, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். அப்போது எடுக்கும் எடைதான் அடிக்கணக்கு. பிந்திப் போனால் கூடியது எவ்வளவு, முன்பே இருந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண். 155 சென்ரிமீற்றர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 27. சுட்டெண் 18.5க்கும் 25க்கும் இடையில் இருப்பவர் கர்ப்பகாலம் முழுவதிலும் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். 25க்கும் 30க்கும் இடையில் என்றால் 7 முதல் 11.5, 30க்கு மேல் என்றால் 5 முதல் 9. ஆக, ஏற்கெனவே பருத்திருப்பவரும் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். கர்ப்பத்தில் மெலியப் பார்ப்பது தவறு.

இரண்டு பேருக்குச் சாப்பிடும் கணக்கும் பிழைதான். முதல் மூன்று மாதம் மேலதிகமாக எதுவும் தேவையில்லை. பிறகு நாளுக்கு ஏறக்குறைய 350 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450. ஒரு முட்டை, ஒரு கப் பால், ஒரு வாழைப்பழம் சேர்ந்தாலே 300 தாண்டிவிடும். இரண்டாம் கோப்பைச் சோறு எதற்கு?

கூடிய எடையோடு கர்ப்பமானால் சீனி வருத்தம், பிறசர், சிசேரியன், காயத்தில் கிருமி, காலில் இரத்தம் கட்டிப்போவது ஆகியவற்றுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடும். வாய்ப்புக் கூடும் என்பதுதான் இதன் பொருள். இப்படியான தாய்மாரில் பெரும்பாலானோர் சுகமாகவே பெறுகிறார்கள். சீனியை மட்டும் கொஞ்சம் விளக்கவேண்டும். நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். உடல் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். முடியாதபோது இரத்தத்தில் சீனி ஏறும், அது பிள்ளைக்கும் போய்ப் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். எங்கள் உடல்வாகில் இதற்குப் பெரிய குண்டு தேவையில்லை. ஆசியர்களுக்குச் சுட்டெண் 23இலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லிவிட்டது. அதனால் 24 முதல் 28 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்துச் செய்யும் சோதனையைக் குமட்டுகிறது என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

இனிப் பிள்ளை பிறந்த பிறகு. யாழ்ப்பாணத்து முப்பத்தொரு நாள் பத்தியத்தைப் பழசு என்று ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. சரக்கு அரைத்துக் காய்ச்சின மீன்குழம்பு, சுறா வறை, முருங்கையிலை எல்லாம் புரதமும் இரும்புச்சத்தும் உள்ள நல்ல சாப்பாடு. தாய்க்குச் சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் ஆள் இருப்பது அதைவிட நல்லது. வில்லங்கம் மற்றப் பக்கத்தில். காலையில் குடிக்கும் நல்லெண்ணெய் மேசைக்கரண்டி ஒன்றுக்கு 120 கலோரி. வருகிற ஆட்களோடு சேர்ந்து குடிக்கிற சீனி போட்ட பால்தேத்தண்ணியை ஒருவரும் எண்ணுவதில்லை. குளிர் என்று மரக்கறியும் பழமும் மறிக்கப்படும். சில வீடுகளில் மருந்தென்று பிரண்டியும் ஊற்றிக் கொடுப்பார்கள்; பால் கொடுக்கிற தாய்க்கு அது வேண்டவே வேண்டாம். இதற்கு மேல், அசையாமல் கிடக்கச் சொல்வார்கள். பருத்த உடம்பும் சிசேரியன் காயமும் உள்ளவர் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து ஏறும். முதல் நாள் தொடக்கம் மெல்ல நடக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, பொறுக்க முடியாத தலையிடியோடு கண் மங்கினாலோ 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

வயிற்றைச் சீலையால் கட்டினால் சிலருக்கு நடக்க இதமாக இருக்கும், ஆனால் கொழுப்புக் கரையாது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய ஆறு கிழமை எடுக்கும். விலகிப்போன நடுவயிற்றுத் தசை சேர இன்னும் மாதங்கள் ஆகலாம். முப்பத்தொன்றுக்குப் படம் எடுக்கப் பழைய சட்டை பொருந்தவில்லை என்றால் அது இயல்பு. புதுச் சட்டை தையுங்கள்.

தாய்ப்பால் கொடுக்க நாளுக்கு 500 கலோரி வரை செலவாகும். பருத்த தாய்மாருக்குப் பால் ஊற ஓரிரு நாள் பிந்துவதுண்டு. உடனே மாப்பாலுக்குப் போகாமல், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையைப் பிடிக்கும் முறையைக் கேளுங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு, வைத்தியர் சரி சொன்னால், ஒழுங்கையிலோ கோயில் வெளிவீதியிலோ காலையில் அரை மணித்தியாலம் நடக்கலாம், சைக்கிளும் ஓடலாம். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்துக் கப்பிப்பால் போதும். புட்டைக் குறைத்து வறையைக் கூட்டுங்கள். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், பாலும் குறையாது.

கண்ணாடியைப் பார்க்கவே வெறுப்பாகி, அழுகையும் நித்திரையின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதை எடைப் பிரச்சினை என்று விடக்கூடாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. கிளினிக்கில் சொல்லலாம், 1926க்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கணவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் வயிற்றைப் பற்றிக் கேட்பவருக்கு அவரே முந்திக்கொண்டு, "அதெல்லாம் கிளினிக்கில பாக்கினம் அன்ரி, நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லட்டும்.

கர்ப்பத்தில் சீனி இருந்தவருக்குப் பிறகு நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிள்ளையின் ஊசி நாளை மறக்காத தாய்மார் தங்கள் சோதனையை மறந்துவிடுகிறார்கள். ஆறாம் கிழமை கிளினிக்கில் உங்களுக்கும் சீனி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை.