புள்ளிகளில் இருக்கும் அடையாளம்

உலகத்திலேயே பெரிய மீன் எது தெரியுமா? திமிங்கிலம் என்று சொல்லிவிடாதீர்கள். அது குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி, மீனே இல்லை. பெரிய மீன், திமிங்கிலச் சுறா.

எங்கள் இலங்கைக் கடலிலும் அது உண்டு. கொழும்பு நூதனசாலையின் முதல் பணிப்பாளர் ஹாலி, மேற்குக் கரையில் அதைக் கண்ட செய்தியை 1883இலேயே எழுதி வைத்திருக்கிறார். சுறா என்றதும் பயம் வரும். ஆனால் இதன் உணவு, தண்ணீரோடு உள்ளே இழுத்து வடித்தெடுக்கிற பொடி உயிர்களும் மீன் முட்டைகளும்தான். இத்தனை பெரிய உடம்புக்கு இத்தனை சின்னச் சாப்பாடு!

அதைவிட அருமையான விசயம், அதன் முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகள். எங்கள் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. வானத்து நட்சத்திரங்களை ஒப்பிட உருவாக்கிய கணினி முறையைக் கொண்டுதான் விஞ்ஞானிகள் இந்தப் புள்ளிகளை அடையாளம் காண்கிறார்கள்.

வினாயகபுரம் தொடக்கம் கல்முனை வரை கடலுக்குப் போகிற சகோதரர்களே, வழியில் இந்தச் சுறா ஒன்றைக் கண்டால் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். செவுளுக்குப் பின்னால் உள்ள பக்கம் தெளிவாக விழுந்தால், அது எந்தச் சுறா என்று கண்டுபிடிக்க அந்தப் படமே உதவும்.