மாட்டுங்கா: வாழ்ந்த ஊர், வந்துபோகும் ஊர்

1896இல் பம்பாயை பிளேக் உலுக்கியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசல் மிகுந்த பழைய நகருக்கு வடக்கே அந்த டிரஸ்ட் அளந்து பிரித்த மனைகளில் எழுந்ததுதான் இன்றைய மாட்டுங்கா. 1920, 30களில் தென்னாட்டுக் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் இங்கே குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். சால் எனப்படும் ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகளில் கழிப்பறை பொது. இங்கோ சமையலறையும் குழாயும் கழிப்பறையும் ஒரே வாசலுக்குள் அடங்கின. எல்லாம் வாடகை வீடுகள்.

1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வாடகையை ஏறவிடாமல் நிறுத்தியது. குடியிருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்; வீட்டுக்காரர்கள் மராமத்தைக் கைவிட்டார்கள். இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் நின்ற இடங்களில் இன்று லிஃப்டும் கார் நிறுத்துமிடமும் கொண்ட கோபுரங்கள் எழுகின்றன. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று நகர்ந்துவிட்டார்கள். 1932இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1960இல் சயானில் கல்லூரி கண்டது. பின்னர் நெரூல் வரை சென்றது.

1942இல் ரயில் நிலையத்தருகே ராமா நாயக் தொடங்கிய உடுப்பி போர்டிங், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிய தனிக்கட்டைகளுக்குப் பசியாற்றியது. இன்று அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களில், இலைச் சாப்பாட்டை அனுபவமாகக் கருதி வரும் பிறமொழிக்காரர்களும் உண்டு. சண்முகானந்தா சபா 1963இல் திறந்த அரங்கு 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறந்தது. அந்தக் காலத்தில் கச்சேரி முடிந்ததும் பலர் நடந்தே வீடு திரும்பினார்கள். இன்று துக்கடா தொடங்கும்போதே சிலர் கடைசி லோக்கலை நினைத்து எழுந்துவிடுகிறார்கள்.

கடைத்தெரு மட்டும் பெரிதாக மாறவில்லை. "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி இருபது" என்றால் காப்பிக்கடைக்காரர் மறுகேள்வி கேட்பதில்லை. சின்ன வெங்காயம், வாழையிலை, முழம் போட்டு விற்கும் மல்லிகை எல்லாம் கிடைக்கின்றன. வாங்குகிறவர்தான் தெருக்கோடியிலிருந்து வருவதில்லை. ஒரு மணி நேர ரயில் பயணம் செய்து, ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிப் போகிறார்.

டோம்பிவிலியில் வீடு சொந்தம். மாதம் பிறந்தால் வாடகைக் கவலை இல்லை. ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு, கால்மணி நேரத்தில் பஜன சமாஜக் கோயிலுக்குப் போய்த் தரிசித்துத் திரும்புவது மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்தவர்களால்தான் முடிந்தது.