சர்வீஸ் முடிஞ்சு கார் வந்தாச்சா? மறுநாள் காலை டயர் காற்றைப் பாருங்க!

சர்வீஸ் விட்ட காரை எடுக்கும்போது பில்லைப் பார்ப்போம், வாட்டர் வாஷைப் பார்ப்போம். டயர் காற்று? ‘செக் பண்ணியாச்சு சார்’ என்ற பதிலை நம்பி சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் ஏறிடுவோம்.

ஏன் திரும்பப் பார்க்கணும்?

டெஸ்ட் டிரைவ் போய் வந்த டயர் சூடாக இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். அப்போது 33 காட்டிய டயர், ஆறியதும் 30-க்கு இறங்கிடலாம். முன், பின் டயர்களை மாற்றிப் போட்டிருந்தால், பழைய அளவே தொடரவும் வாய்ப்புண்டு.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடை வெயிலில் வேகமாகப் போனால் வெடிக்கும் ஆபத்து அதிகம்.

எவ்வளவு வேணும்?

பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். முன், பின், முழு லோடு எனத் தனித்தனி அளவு போட்டிருப்பாங்க. டயர் மேலேயே அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை நிரப்பக் கூடாது.

எப்போ பார்க்கணும்?

கார் குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு. மறுநாள் காலை, வீட்டுக்குப் பக்கத்து பங்க் போதும், காற்று இலவசம். ஸ்டெப்னியை மறக்காதீங்க. சூடான டயரில் கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்காதீங்க.

நாமக்கல் லாரி டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பாங்க. காருக்குத் தட்டினால் தெரியாது, கேஜ் வேணும். டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கும் பல கார்களில் காற்று நன்றாகக் குறைந்த பிறகே எரியும்.